அகலத்திரைப் படத்தை அதன் அகலத்தோடு வீட்டுக்குக் கொண்டுவருதல்: புதியவர்களுக்கான வழிகாட்டி

கிழக்கிலங்கையில் கல்முனைப் பக்கத்துத் திரையரங்கு ஒன்றில் ஒப்பரேட்டராக வேலை பார்த்த என் மாமா காலமான பிறகு, அவருடைய வீட்டுப் பரணிலிருந்து படச்சுருள் வைக்கும் ஆறு தகரப் பெட்டிகளை இறக்கினோம். ஐந்து பெட்டிகளில் துருவும் பல்லி முட்டைகளும் இருந்தன. ஆறாவதைத் திறந்ததும் பழைய அச்சாற்றுப் போத்தலைத் திறந்தது போல வினாகிரி மணம் முகத்தில் அடித்தது. அந்த மணம் எதைக் குறிக்கிறது என்று அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், அந்தப் பெட்டியை மற்ற ஐந்தோடு சேர்த்து ஒரே பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, ஒரு மாரி முழுவதும் வைத்திருக்க மாட்டேன்.

அப்படியொரு பெட்டி கையில் வந்தவர்களுக்கும், தம் ஊரவர் எடுத்த பழைய படமொன்றை உரியவரின் சம்மதத்தோடு மீட்டு வட்டாகவோ கோப்பாகவோ வெளியிட விரும்பும் இளைஞர் குழுக்களுக்கும் இதை எழுதுகிறேன். குறிப்பாக அகலத்திரைப் படங்களைப் பற்றியே சொல்லப்போகிறேன், ஏனெனில் வீட்டுக்கு வரும் வழியில் வேறெந்தப் படத்தையும் விட அதிகமாக வெட்டுப்பட்டும் இழுபட்டும் போனவை அவைதான்.

பெட்டியைத் திறத்தல்

பெட்டியை வீட்டுக்குள் திறக்காமல் காற்றோட்டமான விறாந்தையில் திறவுங்கள். 1950களின் தொடக்கம் வரை புழக்கத்தில் இருந்த நைத்திரேற்றுச் சுருள் மிக எளிதில் தீப்பற்றும்; பற்றினால் தண்ணீர் ஊற்றியும் அணையாது. சுருளின் ஓரத்தில் ஆங்கிலத்தில் ‘நைட்ரேட்’ என்ற எழுத்துத் தெரிந்தாலோ, சுருள் பிசுபிசுத்துப் பழுப்புத் தூளாக உதிர்ந்தாலோ, அதைத் தொடாமல் மூடி, அறிந்தவர்களிடம் ஒப்படையுங்கள். அகலத்திரைப் படங்கள் வரத் தொடங்கிய காலத்தில் அசற்றேற்றுச் சுருளே வழக்காகிவிட்டதால், நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.

அசற்றேற்றின் நோய்தான் அந்த வினாகிரி மணம். ஈரமும் வெப்பமும் சேரும்போது சுருளின் அடித்தளம் சிதைந்து அசற்றிக் அமிலத்தை வெளிவிடுகிறது. அந்த அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்துகிறது. ஆகவே, மணம் வரும் பெட்டியை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வையுங்கள். காற்றுப் புகாத பையில் கட்டினால் அமிலம் உள்ளேயே தங்கிச் சுருளைத் தின்னும். நான் செய்த பிழை அதுதான்: தை மாதத்தில் அவிழ்த்தபோது நல்ல நிலையில் இருந்த இரண்டு ரீல்களும் ஓரம் சுருங்கி அலையலையாக நெளிந்திருந்தன. சுருளை வைக்கும் இடத்தில் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. வாவிக்கும் கடலுக்கும் நடுவே குடியிருக்கும் நமக்கு அது எளிதன்று. ஓட்டு வீட்டுப் பரண் மிக மோசமான இடம். குளிரூட்டிய அறையில், நிலத்திலிருந்து உயரமான தட்டில், மூடியைச் சற்றுத் தளர்த்தி வைப்பதே நம்மால் இயன்ற நல்ல ஏற்பாடு.

சுருளைத் தொடும்போது பருத்திக் கையுறை அணிந்து ஓரங்களை மட்டும் பிடியுங்கள். பழைய புரஜெக்டர் எங்காவது கிடைத்தால் ‘ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம்’ என்ற ஆசை வரும். ஓட்டவே வேண்டாம். சுருங்கிய சுருளின் துளைகள் பற்சில்லோடு பொருந்தாமல் கிழியும்.

என்ன படம் என்பதை விட, என்ன வடிவம்

பலரும் அவசரமாகத் தாண்டிப் போகும் கட்டம் இது. பின்னால் வரும் பெரிய பிழைகள் எல்லாம் இங்கேதான் தொடங்குகின்றன. சுருளின் ஒரு சாணைப் பகலொளிக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஆட்கள் ஈர்க்குக் குச்சி போல மெலிந்தும், வண்டிச் சில்லும் நெற்றிப் பொட்டும் நிமிர்ந்த முட்டை வடிவிலும் தெரிந்தால், அது ஸ்கோப் பிரதி. எடுக்கும்போது விசேட வில்லையால் படத்தைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கிப் பதிந்து, திரையிடும்போது இன்னொரு வில்லையால் இருமடங்காக விரிப்பதே அந்த முறை. பிரெஞ்சு அறிஞர் ஆன்ரி கிரெத்தியன் 1920களில் வடிவமைத்த வில்லையை வைத்து, ஃபொக்ஸ் நிறுவனம் 1953 இல் அதைச் சினிமாஸ்கோப் என்று உலகுக்கு அறிமுகம் செய்தது. ஆட்கள் இயல்பாகத் தெரிந்து, சட்டகங்களுக்கு (சுருளிலுள்ள தனித்தனிப் படங்களுக்கு) இடையே தடித்த கறுப்புக் கோடு இருந்தால், அது மேலும் கீழும் மறைத்து அகலமாக்கிய பிரதி. ஆட்கள் இயல்பாகத் தெரிந்து கோடும் மெல்லியதாக இருந்தால், அது பெரும்பாலும் பழைய 1.37 விகிதப் படம். அகலத்திரைப் படமே அன்று.

விகிதம் என்பது படத்தின் உயரத்தை ஒன்றாகக் கொண்டால் அகலம் எத்தனை மடங்கு என்ற கணக்கு. சினிமாஸ்கோப் தொடக்கத்தில் 2.55 ஆக இருந்தது. சுருளின் ஓரத்தில் ஒளி ஒலித்தடத்துக்கு இடம் கொடுத்தபோது 2.35 ஆயிற்று. பின்னர் சட்டக ஓரத்து ஒட்டுகள் திரையில் தெரியாமலிருக்க உயரத்தைச் சற்றுக் குறைத்ததில் 2.39 ஆயிற்று. 70 மி.மீ. படங்கள் பொதுவாக 2.20. இந்தச் சிறு வேறுபாடுகளைப் பொருட்படுத்தாமல் எல்லாவற்றையும் ஒரே அளவில் வெட்டுவது, அளவெடுக்காமல் சட்டை தைப்பதைப் போன்றது.

தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973 இல் வந்த ‘ராஜராஜ சோழன்’. ஆகவே 1960களின் தமிழ்ப் படமொன்று இன்று உங்கள் தொலைக்காட்சியை இரு ஓரம் வரை நிறைத்து ஓடினால், அதன் தலையோ காலோ போயிருக்கிறது என்று நீங்கள் ஐயப்படலாம். 1964 இல் வந்த ‘கர்ணன்’ 2012 இல் எண்ணிமமாக மீட்கப்பட்டு மறுவெளியீடு கண்டபோது ஸ்கோப் வடிவத்துக்கு மாற்றப்பட்டது. அந்த மறுவெளியீடு இளைஞர்களைத் திரையரங்குக்கு இழுத்தது, பழைய படங்களுக்கு ஒரு சந்தை உண்டென்று காட்டியது. அதற்காக அதை நான் மதிக்கிறேன். ஆனால் 1.37 படத்தை 2.35 ஆக்கினால் உயரத்தில் ஏறத்தாழ 42 சதவீதம் வெட்டுப்படும். கிரீடமும் பாதமும் சட்டகத்துக்குள் நிற்குமாறு ஒளிப்பதிவாளர் பார்த்துப் பார்த்து வைத்த காட்சியில், இரண்டில் ஒன்றை நாம் துறக்க நேர்கிறது. அதை மீட்பு என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

இதன் மறுபக்கத்தை வீடியோக் கசட் காலத்தில் பார்த்தோம். மின்சாரமில்லாத ஊர்களில் ஜெனரேட்டர் வைத்து, தொலைக்காட்சியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்துப் பார்த்த ஸ்கோப் படங்களில் பக்கவாட்டில் ஏறத்தாழ 43 சதவீதம் இல்லை. சதுரத் திரையை நிறைப்பதற்காக யாரோ ஒருவர் பேசுகிறவரை மட்டும் வைத்துக்கொண்டு, கேட்டுக்கொண்டிருந்தவரை வெளியே தள்ளியிருந்தார். உங்களிடம் இருப்பது அத்தகைய கசட் மட்டுமானால், அதிலிருந்து அகலத்தை மீட்க வழியில்லை. இருந்தாலும் அதை எறிய வேண்டாம். ஒலிக்காகவும், பிரதியில் இல்லாத காட்சிகளின் வரிசையை அறியவும் அது உதவும்.

1990களின் படங்களில் எதிர்மாறான ஒரு பொறியும் உண்டு. நெருக்கும் வில்லை இல்லாமல் முழு நெகட்டிவையும் நிறைத்து எடுத்து, நடுப்பகுதியை மட்டும் ஸ்கோப்பாகப் பிரதியெடுத்த படங்களின் நெகட்டிவில் மேலும் கீழும் கூடுதல் காட்சி இருக்கும். ‘கூடுதலாகக் கிடைத்தது’ என்று மகிழ்ந்து திறந்துவிட்டால், கதாநாயகியின் தலைக்கு மேல் மைக் தொங்கும்.

எந்த மூலத்திலிருந்து

முதல் நெகட்டிவ் சிறந்தது. அதற்கடுத்து அதிலிருந்து நேரே எடுத்த இடைநிலைப் பிரதி. அதற்கடுத்தே திரையரங்கில் ஓடிய பிரிண்ட். ஒவ்வொரு தலைமுறை இறங்கும்போதும் நுணுக்கம் குறைந்து மாறுபாடு (வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாடு) கடுமையாகும். இலங்கைத் தமிழ்ப் படங்களைப் பொறுத்தவரை நெகட்டிவ் கிடைப்பது அரிது. 1983 யூலையில் ஹெந்தலை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது போனவை உண்டு. நமது கரையோரத்தில் 1978 நவம்பர் சூறாவளியிலும் 2004 டிசம்பர் சுனாமியிலும் தனியார் வீடுகளிலிருந்து போனவை உண்டு. ஆகவே கீறல் விழுந்த ஒரு பிரிண்டாயினும் அதுவே கடைசிப் பிரதியாக இருக்கலாம் என்ற எண்ணத்தோடு கையாளுங்கள். ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் போன்ற சிறு குறிகள் தெரிந்தால், அவை கொடக் நிறுவனம் சுருள் தயாரித்த ஆண்டைக் காட்டும் அடையாளங்கள். ஒரே குறி இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வந்ததால், படத்தின் வயதையும் சேர்த்துப் பார்த்தே ஆண்டை முடிவு செய்ய வேண்டும்.

சுருள் உங்கள் கையில் இருப்பதால் படம் உங்களுடையதாகிவிடாது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி இலங்கையில் ஒலி-ஒளிப் படைப்புக்கு 70 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு. இந்தியாவில் திரைப்படத்துக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். பாடல் வரிகளுக்கும் இசைக்கும் உரிமை தனி. எனவே ஒரு ரூபாய் செலவழிப்பதற்கு முன் தயாரிப்பாளரையோ அவருடைய வாரிசுகளையோ தேடி, எந்த நாட்டில், எந்த வடிவத்தில், எத்தனை ஆண்டுக்கு என்று எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். உறவுக்காரர், ஊர்க்காரர் என்று வாய்ப்பேச்சோடு தொடங்கிய வேலைகள் வட்டு விற்பனைக்கு வரும் நாளில் நின்றுபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்கேன்

சுத்தம் செய்வதையும் ஸ்கேன் செய்வதையும் நாமே வீட்டில் செய்ய முயலக்கூடாது. சென்னையில் பிரசாத் போன்ற நீண்ட அனுபவமுள்ள நிலையங்கள் இருக்கின்றன. பெட்டிகளை உதயதேவி ரயிலில் கொழும்புக்குக் கொண்டு சென்று, அங்கிருந்து விமானத்தில் அனுப்பலாம். ஏற்கெனவே டெவலப் செய்து படம் தெரியும் சுருளை விமான நிலையத்து ஊடுகதிர் கெடுக்காது என்பதால் அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நைத்திரேற்றை எந்தக் காரணத்துக்காகவும் பயணப் பொதியில் வைக்காதீர்கள்.

நிலையத்துக்கு எழுதும் கடிதத்தில் சிலவற்றை ஐயத்துக்கு இடமின்றிக் கேளுங்கள். சட்டகம் முழுவதும், ஓரத் துளைகளின் விளிம்பு தெரியும்படி ஸ்கேன் செய்யப்பட வேண்டும். எதையும் அவர்கள் வெட்டக்கூடாது. ஸ்கோப் படத்தை நெருக்கிய நிலையிலேயே தர வேண்டும். விரிப்பதைப் பின்னர் நாம் செய்துகொள்ளலாம். கீறல் அதிகமிருந்தால் சுருளைத் திரவத்தில் நனைத்தபடி ஸ்கேன் செய்யும் வசதியைக் கேளுங்கள். திரவம் கீறலை நிரப்புவதால் மேலோட்டமான கீறல்கள் படத்தில் தெரியாது. தூசியை அகச்சிவப்பால் கண்டறியும் வசதி வண்ணப் படத்துக்கே பயன்படும். கறுப்பு வெள்ளைப் படத்தில் வெள்ளித் துகளே அக்கதிரை மறித்துவிடும்.

இடத்தைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 4கே அளவில், அதாவது அகலத்தில் ஏறத்தாழ நாலாயிரம் புள்ளிகளோடு, 10 பிட் கோப்பில் ஒரு சட்டகம் ஏறத்தாழ 51 மெகாபைட். வினாடிக்கு 24 சட்டகம் என்றால் இரண்டரை மணிநேரப் படத்துக்கு 11 டெராபைட். 2கே அளவில் அது மூன்றுக்கும் குறைவு. தேய்ந்த திரையரங்குப் பிரிண்டில் 2கே ஸ்கேனுக்கு மேல் வெளிவரக்கூடிய நுணுக்கம் பெரிதாக இருப்பதில்லை. பணம் குறைந்த குழு 4கே என்ற பெயருக்காகக் கடன்படாமல், அந்தப் பணத்தை நனைத்து ஸ்கேன் செய்வதற்குக் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

வீட்டுக் கணினியில்

இனி வேலை நம் கைக்கு வருகிறது. டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பே தொடக்கத்துக்குப் போதும். முதலில் படத்தைப் பக்கவாட்டில் இருமடங்கு விரித்து, வட்டமாக இருக்க வேண்டிய ஒன்றைத் தேடி அளந்து பாருங்கள். முழுநிலவும் மணிக்கூட்டு முகமும் இதற்கு நல்லவை. தொடக்க கால ஸ்கோப் வில்லைகளில் மிக அண்மைக் காட்சிகளின்போது நெருக்கம் குறைந்துவிடும். ஆகவே விரிக்கும்போது முகம் உப்பித் தெரியும். ஆங்கிலத்தில் இதைக் கூகைக்கட்டு நோய் என்றே கேலி செய்தார்கள். அது வில்லையின் குணம். அதைச் சரிசெய்யப் புகுந்து முகத்தை ஒடுக்கினால், அதே சட்டகத்தின் பின்னணித் தூண்கள் மெலிந்துபோகும்.

அடுத்தது நிறம். பழைய ஈஸ்ட்மன்கலர் பிரிண்டுகள் இளஞ்சிவப்பாகத் தெரிவதற்குக் காரணம், சயன் எனும் நீலப்பச்சைச் சாயம் மற்றவற்றுக்கு முன்னே மங்குவது. சிவப்பு ஒளியைத் தடுப்பது அந்தச் சாயம்தான். காவலன் போனதும் சிவப்பு கட்டுப்பாடின்றிப் பாய்கிறது. புதியவர்கள் உடனே சிவப்பின் அளவைக் குறைப்பார்கள். அதனால் வெள்ளையான இடங்கள் நீலப்பச்சையாகும். குறைக்க வேண்டியது அளவை அன்று. சிவப்பு அலைவரிசையின் மாறுபாட்டைக் கூட்டி, கறுப்பு கறுப்பாகவும் வேட்டி வெள்ளையாகவும் வரும் இடத்தில் நிறுத்த வேண்டும். பிறகு தோல், பிறகு வயல். போரதீவுப் பக்கத்து வயல் மார்கழியில் என்ன பச்சையில் இருக்கும் என்று அறிந்த கண்ணுக்கு, எந்தக் கருவியும் காட்டாத பிழை தெரியும். ஆனால் பழைய படங்களின் ஒப்பனை உண்மையிலேயே கடும் இளஞ்சிவப்பு என்பதையும் மறக்காதீர்கள். இன்றைய விளம்பரப் படத்தின் நீலச் சாயலை அதன்மேல் பூசுவது வேறொரு படம் செய்வதாகும்.

தூசியும் கீறலும் தானியங்கியாக நீங்கும் வசதியை மெல்லிய அளவில் பயன்படுத்தி, முடிவைக் கட்டாயம் கண்ணால் பாருங்கள். ஒரு சட்டகத்தில் மட்டும் தோன்றி மறைவதெல்லாம் அதற்குத் தூசிதான். மழைப் பாட்டில் மழைத்துளியும், வாள் சண்டையில் தீப்பொறியும், ஆட்டத்தில் சதங்கையின் மினுக்கமும் அதோடு போய்விடும். படத்தின் மேல் நுண்மணல் போல அசையும் துகள் அழுக்கன்று. படமே அந்தத் துகளால் ஆனது. அதைத் துடைத்தால் தோல் மெழுகாகும், கூறைச் சேலையின் நெசவு மறையும். நான் முதலில் செய்த குறும்படம் ஒன்றைப் பார்த்த பெரியம்மா ஒருவர், “மனுசரா இல்ல, பொம்மை மாதிரி இருக்கு, மகன்” என்றார். அவர் சொன்ன பிறகுதான் துகளை அப்படியே விடப் பழகினேன்.

ஒட்டுப் போட்ட இடங்களில் சில சட்டகங்கள் இல்லாமல் படம் துள்ளும். இன்னொரு பிரதி கிடைத்தால் அதிலிருந்து எடுங்கள். கிடைக்காவிட்டால் துள்ளலை விடுங்கள். கணினியைக் கொண்டு இல்லாத சட்டகத்தைக் கற்பனை செய்ய வேண்டாம்.

ஒலி

நம் ஊர்களில் பழைய படத்தின் பிழையை முதலில் பிடிப்பது கண்ணன்று, காது. இலங்கை வானொலியில் ஒரு பாட்டை நூறு தடவை கேட்டு வளர்ந்தவருக்கு, அது அரைச் சுருதி ஏறினால் உடனே தெரியும். இந்த ஏற்றம் பெரும்பாலும் தொலைக்காட்சி முறையால் வருவது. நமது நாட்டின் பால் (PAL) எனும் தொலைக்காட்சி முறை வினாடிக்கு 25 சட்டகம் காட்டும். 24 சட்டகப் படத்தை அதில் அப்படியே ஓட்டினால் நூற்றுக்கு நான்கு பங்கு வேகம் கூடிச் சுருதியும் உயரும். பழைய வட்டிலிருந்தோ கசட்டிலிருந்தோ ஒலியை எடுத்துப் புதிய ஸ்கேனோடு சேர்க்கிறவர்கள் முதலில் அந்த வேகத்தை இறக்க வேண்டும். இலவச ஓடாசிற்றி மென்பொருளில், சுருதியும் சேர்ந்து மாறும் வேக மாற்றக் கட்டளையால் இதைச் செய்யலாம். நீளத்தை மட்டும் மாற்றும் கட்டளை இதற்கு உதவாது.

பிரிண்டின் ஒளித்தடத்திலிருந்து எடுக்கும் ஒலி, தனக்குரிய படத்துக்கு ஏறத்தாழ 20 சட்டகம் முன்னே பதிந்திருக்கும். நிலையம் அதை நேர்செய்ததா என்று ஒரு கைதட்டலிலோ கதவடைப்பிலோ சரிபாருங்கள். இரைச்சலைக் குறைக்கும்போது வயலின்களின் மெல்லிய உயர் ஒலியும் சேர்ந்து போகாமல் அரைகுறையாக நிறுத்துங்கள். மூல ஒலி ஒற்றைத் தடமானால் அதையே முதன்மைத் தடமாகக் கொடுங்கள். ஐந்து ஒலிபெருக்கிகளுக்கு விரித்துப் புதிய இடிமுழக்கங்களைச் சேர்ப்பது விற்பனையாளரின் விருப்பமாக இருந்தால், அது இரண்டாம் தடமாகவே இருக்கட்டும்.

வட்டும் கோப்பும்

புளூரே வட்டு 24 சட்டகத்தை அப்படியே ஏற்கும். ஆகவே வேகச் சிக்கல் அங்கே இல்லை. அதன் 1920 புள்ளி அகலத்தில் 2.35 படத்துக்கு 817 வரிகள் கிடைக்கும். மீதி கறுப்புப் பட்டை. டிவிடியாகவும் வெளியிட வேண்டுமென்றால், 16:9 என்று குறித்த முறையில் செய்யுங்கள்: 576 வரிகளில் 436 வரி படத்துக்குக் கிடைக்கும். பழைய 4:3 முறையில் 327 தான். அகலத்திரை டிவிடிகள் பல மங்கலாகத் தெரிந்ததற்குப் பெரிய காரணம் இந்த நூற்றுச் சொச்ச வரிகளின் இழப்பே. துணைவரிகளைக் கறுப்புப் பட்டையில் போடாமல் படத்துக்குள்ளே போடுங்கள். புரஜெக்டரில் பட்டையை மறைத்துப் பார்ப்பவர்களுக்கு அது காணாமல் போகாது.

வட்டின் உறையிலோ கோப்போடு சேர்ந்த தாளிலோ, எந்தப் பிரதியிலிருந்து எடுத்தது, என்ன விகிதம், எந்தக் காட்சி குறைகிறது என்று மூன்று வரி எழுதுங்கள். தொலைக்காட்சியில் ‘ஸூம்’, ‘வைட்’ ஆகியவற்றை நிறுத்தவும், அசைவை மெருகேற்றும் வசதியை அணைக்கவும் ஒரு குறிப்புச் சேருங்கள். கறுப்புப் பட்டையைக் கண்டதுமே ரிமோட்டைத் தேடும் பெரியப்பாக்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள்.

வெளியிடும் முன் குறைந்தது மூன்று வெவ்வேறு தொலைக்காட்சிகளில், ஒன்றாவது பழையதாக இருக்க, படத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை பாருங்கள். மூலக் கோப்புகளை மூன்று வன்தட்டுகளில் எடுத்து, ஒன்றைக் கரையோரத்துக்கு வெளியே, கண்டியிலோ கொழும்பிலோ உள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மூன்றையும் இயக்கிச் சரிபாருங்கள். ஸ்கேன் முடிந்ததென்று சுருளை எறியாதீர்கள். எங்கள் ஆறாவது பெட்டி இப்போதும் தனியே, வேறொரு அறையில், மூடி தளர்ந்தபடி இருக்கிறது. அதில் நெளிந்துபோன ரீலை வைத்திருப்பதற்குக் காரணம், அதன் கடைசி நான்கு நிமிடங்கள் வேறெங்கும் கிடைக்காததுதான்.